பீகிள் வாங்கப் போகிறவர்கள் முதலில் அதன் சரித்திரத்தைப் படியுங்கள்

கொஞ்சம் நீளமான பதிவு. பரீட்சை கிடையாது, அதனால் பயப்படாமல் மெதுவாகப் படியுங்கள்.

கோடை விடுமுறை வந்தால் எனக்கு இரண்டு விதமாகப் போன் வரும். ஏப்ரலில் வருவது: "டீச்சர், பிள்ளை நாய்க்குட்டி வேணும்னு ஒரே அடம். உங்க வீட்ல இருக்கே, அந்த பீகிள், அது வாங்கலாமா?" பள்ளிக்கூடம் திறந்ததும் வருவது: "டீச்சர், உங்களுக்குத் தெரிஞ்சவங்க யாராவது ஒரு பீகிளை எடுத்துக்குவாங்களா? சும்மாவே தர்றோம்." இந்த ஜூனில் மட்டும் இரண்டாவது வகைப் போன் மூன்று வந்துவிட்டது. மூன்று வீட்டிலும் ஒரே புகார்ப் பட்டியல்தான். கதவைத் திறந்தால் ஓடிவிடுகிறது, ஊளையிடுகிறது, எவ்வளவு போட்டாலும் இன்னும் கேட்கிறது, தனியாக விட்டால் வீட்டைக் கலைக்கிறது.

நான் கால்நடை டாக்டர் இல்லை. ஆசிரியர் பயிற்சி முடித்து, ஆறாம் வகுப்பிலிருந்து எட்டாம் வகுப்பு வரை சமூக அறிவியல் நடத்தி ஓய்வு பெற்றவள். ஆனால் இந்த நான்கு புகாருக்கும் பதில் சரித்திரத்தில் இருக்கிறது என்பதால் எழுதுகிறேன். ஒரு நாயை எந்த வேலைக்காகத் தலைமுறை தலைமுறையாக வளர்த்தார்களோ, அந்த வேலைதான் அதன் குணம். வேலையை எடுத்துவிட்டாலும் குணம் போகாது.

முதலில் நம்ம பக்கத்திலிருந்தே தொடங்குவோம். நம் ஜில்லாவும் பக்கத்து விருதுநகர் ஜில்லாவும் வேட்டை நாய்க்குப் பேர் போன பூமி. சிப்பிப்பாறை என்பது விருதுநகர் பக்கம் ஓர் ஊர். அந்த ஊர்ப் பெயரே நாய்க்கு வந்துவிட்டது. கன்னி நாய் கோவில்பட்டி கரிசல் காட்டில் பழக்கம். ராஜபாளையம் நாய்க்கு 2005இல் தபால்துறை தபால்தலையே வெளியிட்டது. சிப்பிப்பாறையையும் கன்னியையும் பார்த்தால் தெரியும்: ஒட்டிய வயிறு, நீண்ட கால், கூர்மையான முகம். இவை கண்ணால் வேட்டையாடும் நாய்கள். கரிசல் காடு வெட்டவெளி, மரம் குறைவு. தூரத்தில் முயல் அசைந்தால் கண்ணில் படும், பட்டதும் அம்பு மாதிரிப் பாயும்.

நாயும் முயலும் நம் மண்ணில் பழைய ஜோடி. பெரும்பாணாற்றுப்படையில் எயினர்கள் நாயோடு போய் வலை கட்டி முயல் பிடிக்கும் காட்சி வருகிறது. நாய்க்கு ஞமலி, ஞாளி என்று அழகான பழந்தமிழ்ப் பெயர்கள் உண்டு. ஓட்டப்பிடாரம் பக்கத்துப் பிள்ளைகளுக்குப் பாட்டி சொன்ன கதை ஞாபகம் இருக்கும்: கட்டபொம்மனின் முன்னோர் சாலிக்குளம் காட்டில் வேட்டைக்குப் போனபோது, துரத்தப்பட்ட முயல் ஓரிடத்தில் திரும்பி நின்று ஏழு நாய்களையும் விரட்டியதாம், அந்த மண்ணுக்கு வீரம் இருக்கிறது என்று அங்கேயே பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையைக் கட்டினார்களாம். இதே மாதிரிக் கதையை விஜயநகரத்துக்கும் சொல்வார்கள். இது வரலாறு இல்லை, கதைதான். ஆனாலும் கோட்டை பிறந்த கதைக்குள்ளேயே நாயும் முயலும் வருகிறதென்றால், அந்த வேட்டை நம் மக்களுக்கு எவ்வளவு பழக்கமாக இருந்திருக்க வேண்டும் என்று யோசித்துப் பாருங்கள்.

இப்போது இங்கிலாந்துக்குப் போவோம். அங்கேயும் முயல், அங்கேயும் நாய். ஆனால் நிலம் வேறு. புதர், வேலி, ஈரப் புல், பாதி நாள் மூடுபனி. கண்ணால் துரத்த முடியாது. ஆனால் ஈரத் தரையில் வாசனை நெடுநேரம் நிற்கும். அதனால் அங்கே மூக்கால் வேட்டையாடும் நாயை உருவாக்கினார்கள். நிலம் எப்படியோ நாய் அப்படி. வகுப்பில் புவியியலையும் வரலாற்றையும் ஒன்றாக நடத்த வேண்டும் என்று நான் அடித்துச் சொன்னது இதற்குத்தான்.

'பீகிள்' என்ற பெயர் 15ஆம் நூற்றாண்டு ஆங்கில எழுத்திலேயே வருகிறது. முதலாம் எலிசபெத் ராணி காலத்தில் கையில் தூக்கிக்கொள்ளும் அளவுக்குக் குட்டையான பீகிள்கள் அரண்மனையில் இருந்தன. இன்று நாம் பார்க்கும் பீகிளுக்கு அடித்தளம் போட்டவர் என்று சொல்லப்படுபவர் எஸ்ஸெக்ஸ் பகுதியைச் சேர்ந்த ஹனிவுட் என்ற பாதிரியார். 1830களில் ஒரு கூட்டம் வளர்த்தார். 1890இல் இங்கிலாந்தில் பீகிள் சங்கமே தொடங்கிவிட்டார்கள்.

இதில் எனக்குப் பிடித்த விஷயம் ஒன்று. நரி வேட்டைக்குப் பெரிய நாயும் குதிரையும் வேண்டும். அது பிரபுக்கள் காரியம். பீகிள் குட்டைக் கால் நாய், அதன் பின்னால் நடந்தே போகலாம். குதிரை வாங்க வசதியில்லாதவர்கள், வயதானவர்கள், பள்ளிப் பையன்கள் எல்லாரும் பீகிள் கூட்டத்தின் பின்னால் ஓடினார்கள். வெள்ளைக்காரர்கள் நம் ஊருக்கு வந்தபோதும் வேட்டை நாய்களைக் கப்பலில் ஏற்றிக் கொண்டுவந்தார்கள். ஊட்டி மலையில் நரி வேட்டை நாய்களை வைத்துக் குள்ளநரியை விரட்டினார்கள். அந்தப் பெரிய நாய்க்குச் சின்னத் தம்பி மாதிரிதான் நம் பீகிள்.

சரி, அந்த நான்கு புகாருக்கு வருவோம்.

முதல் புகார், கதவைத் திறந்தால் ஓட்டம். முயல் ஓடிய தடத்தை மூக்கால் பிடித்துவிட்டால் மைல் கணக்கில் விடாமல் போக வேண்டும். இடையில் எஜமான் கூப்பிட்டாலும் திரும்பக் கூடாது. அப்படிப்பட்ட குட்டியைத்தான் தேர்ந்தெடுத்து இனம் பெருக்கினார்கள். இன்று உங்கள் பீகிள் கூப்பிட்டால் வரவில்லை என்றால் அது திமிர் இல்லை. வாசனை மூக்கில் ஏறிய நேரத்தில் காது வேலை செய்யாது, அவ்வளவுதான். எங்கள் வீட்டுப் பூந்தியும் இப்படித்தான். (மகள் வெளியூர் வேலைக்குப் போனபோது எங்களிடம் வந்தவன். மூன்று நிறம் கலந்து இருந்ததால் பேத்தி வைத்த பெயர்.) எங்கள் தெருவில் யார் வீட்டில் சாளைக் கருவாடு வறுக்கிறார்கள் என்று எனக்குத் தெரியும் முன் அவனுக்குத் தெரியும். கடல் காற்றின் ஈரம் அவன் மூக்குக்கு இங்கிலாந்துப் பனி மாதிரி. ஆகவே வெளியே போனால் கயிறு கட்டாயம், எவ்வளவு பழகிய நாயாக இருந்தாலும். கேட் கொண்டி சரியாக இருக்க வேண்டும். காம்பவுண்டு சுவருக்கு அடியில் மண் என்றால் தோண்டும். கழுத்துப் பட்டையில் போன் நம்பர் எழுதிய வில்லை ஒன்று தொங்கட்டும்.

இரண்டாவது, ஊளை. புதருக்குள் போன நாய் எங்கே இருக்கிறது என்று பின்னால் நடந்து வருகிறவனுக்குத் தெரிய வேண்டும். அதற்கு இரண்டு அடையாளம் வைத்தார்கள். ஒன்று, வால் நுனியில் வெள்ளை. புல்லுக்கு மேலே கொடி மாதிரி தெரியும். இன்னொன்று, நீட்டி இழுக்கும் அந்தக் குரல். ஒரு மைல் கேட்க வேண்டும் என்று வளர்த்த குரல், அடுக்குமாடிக் குடியிருப்பில் பக்கத்து வீட்டுக்கு மட்டும் கேட்காமல் இருக்குமா? அபார்ட்மெண்டில் இருப்பவர்கள் இதை நன்றாக யோசித்துக்கொள்ளுங்கள். அடித்தால் குறையாது. காலையும் மாலையும் அரை மணி நேரத்துக்குக் குறையாமல் நடக்க விட்டு, போகும் வழியில் நின்று நின்று முகர விட்டால் பெரும்பாலும் குறையும். முகர்வது அதற்குப் பேப்பர் படிப்பது மாதிரி. நாம் இழுத்துக்கொண்டே போனால் பேப்பரைக் கையிலிருந்து பிடுங்குகிறோம் என்று அர்த்தம்.

மூன்றாவது, தீராத பசி. கூட்டமாக ஒரே தொட்டியில் தின்று வளர்ந்த இனம். மெதுவாகத் தின்றவன் பட்டினி. அதனால் கிடைத்ததை விழுங்கும், போதும் என்று சொல்லத் தெரியாது. பார்க்கும் பார்வைக்கு மனம் இளகி நாம் கொடுத்துக்கொண்டே இருந்தால் சீக்கிரம் குண்டாகிவிடும். வளர்ந்த பீகிள் சாதாரணமாக 9 கிலோவிலிருந்து 13 கிலோவுக்குள் இருக்க வேண்டும். நீண்ட முதுகு, குட்டைக் கால். எடை ஏறினால் முதுகெலும்பும் மூட்டும் பாதிக்கும். சாப்பாட்டை அளந்து இரண்டு வேளை கொடுங்கள். திராட்சை, உலர்ந்த திராட்சை, வெங்காயம், சாக்லேட் நாய்க்கு விஷம். நம் ஊர் விருந்தாளி கொண்டுவரும் மக்ரூனும் வேண்டாம், அவ்வளவும் சீனி. கருவாட்டில் உப்பு. சமைத்த கோழி எலும்பு தொண்டையிலோ குடலிலோ குத்தும். விருந்து வீட்டில் "ஒண்ணே ஒண்ணு" என்று கொடுக்கும் மாமாக்களுக்குத்தான் இந்த வரி.

நான்காவது, தனிமை. பீகிளைத் தனியாக யாரும் வளர்த்ததில்லை. இருபது, முப்பது நாய்கள் ஒரே கொட்டகையில் ஒன்றின் மேல் ஒன்று படுத்துத் தூங்கும். அந்தக் கூட்டத்தில் சண்டை போடுகிற நாய்க்கு இடமில்லை, அதனால் சாதுவான குணம் நிலைத்தது. உங்கள் வீட்டில் அந்தக் கூட்டம் நீங்கள்தான். கணவன் மனைவி இருவரும் வேலைக்குப் போய், பிள்ளை பள்ளிக்கும் டியூஷனுக்கும் போய், காலை எட்டு மணியிலிருந்து மாலை ஆறு வரை பூட்டிய வீட்டில் அது தனியாக இருந்தால் சோபாவைத்தான் கடிக்கும். வீட்டில் பெரியவர்கள் இருந்தால் தைரியமாக வாங்கலாம். பெரியவர்களுக்கும் அது நல்லது. பூந்தி வந்தபிறகு என் கணவருக்கு டாக்டர் சொல்லியும் வராத நடைப்பழக்கம் வந்துவிட்டது.

இன்னொன்று, காவலுக்கு என்று பீகிளை வாங்காதீர்கள். காவல் நாயின் சரித்திரம் வேறு. திருவண்ணாமலை ஜில்லாவில் எடுத்தனூர் என்ற ஊரில் ஒரு நடுகல் இருக்கிறது. மகேந்திரவர்மப் பல்லவனின் 34ஆவது ஆட்சி ஆண்டில், அதாவது 7ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் வைத்தது. கருந்தேவக்கத்தி என்ற வீரன் எருமைகளைக் காக்கப் போராடி இறந்தான். அவன் உருவத்துக்குப் பக்கத்திலேயே ஒரு நாயையும் செதுக்கி, அதன் பெயர் கோவிவன் என்றும், அது கள்ளனைக் கடித்துக் காவல் நின்றது என்றும் எழுதி வைத்திருக்கிறார்கள். சுமார் 1400 வருஷத்துக்கு முன் வாழ்ந்த ஒரு நாயின் பெயர் இன்று நமக்குத் தெரிகிறது! எங்கள் பூந்தியோ, திருடன் வந்தால் அவன் பையில் தின்பண்டம் இருக்கிறதா என்றுதான் பார்ப்பான். அவனைக் குறை சொல்லிப் பயனில்லை, அவன் பரம்பரைக்கு அந்தப் பாடம் நடத்தப்படவில்லை.

துறைமுகத்துப் பிள்ளைகள் நீங்கள் என்பதால் ஒரு கிளைச் செய்தி. சார்லஸ் டார்வின் உலகம் சுற்றிய கப்பலின் பெயர் 'பீகிள்'. இந்த நாயின் பெயரைத்தான் வைத்தார்கள். 1831 டிசம்பரில் புறப்பட்டு 1836 அக்டோபரில் திரும்பியது. அந்தப் பயணத்தில் 1836 ஏப்ரலில் நம் இந்தியப் பெருங்கடலில் கோகோஸ் தீவுகளில் நின்று, டார்வின் பவளப்பாறைகளை ஆராய்ந்தார். தூத்துக்குடியிலிருந்து ராமேஸ்வரம் வரை மன்னார் வளைகுடாவில் இருக்கும் நம் 21 தீவுகளைச் சுற்றியும் அதே பவளம்தான்.

இன்றைக்குப் பீகிளுக்கு முயல் வேட்டை கிடையாது. இங்கிலாந்தில் 2004இல் வந்த சட்டம் நாய் வைத்து முயல் வேட்டையாடுவதைத் தடுத்துவிட்டது. நம் நாட்டில் 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி காட்டு முயலைப் பிடிப்பதே குற்றம். (கோவில்பட்டிப் பக்கத்து என் மாணவர்கள் சிலர் இந்த வரியை இரண்டு தடவை படிக்கவும்.) இதைப் பார்க்கும்போது எனக்கு நம் முத்துக்குளித்துறை ஞாபகம் வரும். தூத்துக்குடியில் கடைசி முத்துக்குளிப்பு 1961இல் நடந்தது. முத்து போய்விட்டது, ஆனால் மூச்சடக்கி மூழ்கும் திறமை அந்தக் குடும்பங்களை விட்டுப் போகவில்லை, அவர்கள் சங்கு குளித்தார்கள். திறமைக்கு வேறு வேலை கொடுத்தால் மனிதனும் பிழைப்பான், நாயும் பிழைக்கும்.

அமெரிக்காவில் அப்படித்தான் வேலை கொடுத்தார்கள். 1984இல் லாஸ் ஏஞ்சல்ஸ் விமான நிலையத்தில் வேளாண்மைத் துறை பீகிள்களை இறக்கியது. பச்சைச் சட்டை போட்டுக்கொண்டு பயணிகளின் பெட்டிகளை முகர்ந்து, உள்ளே பழமோ இறைச்சியோ இருந்தால் பக்கத்தில் உட்கார்ந்து காட்டிக்கொடுக்கும். அயல்நாட்டுப் பூச்சியும் பயிர்நோயும் உள்ளே வராமல் தடுக்க அந்த ஏற்பாடு. பெரிய நாயைப் பார்த்தால் பயணிகள் பயப்படுவார்கள், பீகிளைப் பார்த்தால் சிரிப்பார்கள் என்பதும் ஒரு காரணம். பேரனுக்கு என்று மாம்பழத்தைச் சேலைக்குள் சுற்றி எடுத்துப் போகும் நம் அத்தைமார்கள் கவனிக்கவும். வீட்டில் நீங்களும் ஒரு சின்ன வேலை கொடுக்கலாம். பிஸ்கட்டைப் பழைய துணிக்குள் மடித்து ஒளித்து வைத்துத் தேடச் சொல்லுங்கள். பத்து நிமிஷம் மூக்குக்கு வேலை கொடுத்தால், பிறகு நிம்மதியாகத் தூங்கும்.

இனி எழுதுவது கொஞ்சம் கனமானது. இந்தச் சாதுவான குணம்தான் பீகிளுக்கு எமனாகவும் வந்தது. அளவான உடம்பு, ஊசி போட்டாலும் கடிக்காத சுபாவம், வலித்த கையையே மறுபடி நக்கும் மனசு. அதனால் உலகம் முழுக்க மருந்துச் சோதனைச் சாலைகளில் நாய் என்றால் பெரும்பாலும் பீகிள்தான். அதற்கென்றே ஆயிரக்கணக்கில் இனம் பெருக்கினார்கள். 2022இல் அமெரிக்காவின் வர்ஜீனியாவில் அப்படி ஒரு பண்ணையிலிருந்து சுமார் 4000 பீகிள்களை மீட்டு வீடுகளுக்குக் கொடுத்தார்கள். நம் பெங்களூரிலும் ஆய்வகத்திலிருந்து விடுவித்த பீகிள்களை விலங்கு நல அமைப்புகள் குடும்பங்களிடம் ஒப்படைக்கின்றன. புல் தரையில் முதல்முறை கால் வைக்கவே பயப்படும் நாய்கள் அவை. மனிதனை இவ்வளவு மன்னிக்கும் ஒரு பிராணியை விளையாட்டுப் பொம்மையாக வாங்கி மூன்று மாதத்தில் கைமாற்றுவது எனக்குப் பொறுக்கவில்லை. இந்தப் பதிவை எழுத உட்கார்ந்ததே அதனால்தான்.

உடம்பு விஷயமாகச் சில குறிப்புகள். தொங்கும் காது, நம் ஊரின் ஈரப்பதம், இரண்டும் சேர்ந்தால் காதுக்குள் புண் வரும். வாரம் ஒருமுறை காதைத் தூக்கிப் பாருங்கள். நாற்றமோ கசிவோ இருந்தால் டாக்டரிடம் போங்கள். உண்ணி மோசமான எதிரி, காய்ச்சலைக் கொண்டுவந்து ரத்தத்தைக் கெடுக்கும். தினமும் விரலிடுக்கு, காது மடிப்பு, கழுத்து மூன்றையும் தடவிப் பாருங்கள். வெயில் ஏறிய பிறகு தார் ரோட்டில் நடத்தாதீர்கள். உங்கள் புறங்கையை ரோட்டில் ஐந்து விநாடி வைக்க முடியவில்லை என்றால் அதன் பாதமும் வேகும். காலை ஏழு மணிக்குள், மாலை ஆறுக்கு மேல். கடற்கரைக்குக் கூட்டிப்போனால் உப்புத் தண்ணீர் குடிக்க விடாதீர்கள், வந்ததும் நல்ல தண்ணீரில் கழுவுங்கள்.

வெறிநோய்த் தடுப்பூசி. இதற்கும் ஒரு சரித்திரம் உண்டு. 1885இல் பாரிஸில் லூயி பாஸ்டர் முதன்முதலாக ஒரு சிறுவனுக்கு அந்த ஊசியைப் போட்டார். இந்தியாவில் 1900இல் இமயமலை அடிவாரத்துக் கசௌலியில் நிலையம் வந்தது. தெற்கே கடிபட்டவர்கள் அவ்வளவு தூரம் போய்ச் சேர வேண்டியிருந்த நிலை, 1907இல் குன்னூர் பாஸ்டர் நிலையம் வந்தபிறகுதான் மாறியது. என் வயதுக்காரர்களுக்குத் தொப்புளைச் சுற்றிப் போட்ட பதினான்கு ஊசி மறந்திருக்காது; செம்மறியாட்டு மூளையிலிருந்து தயாரித்த அந்தப் பழைய மருந்தை ஏறக்குறைய 2005 வரை வைத்திருந்தோம். இன்று கையில் போடும் ஊசி வந்துவிட்டது. ஆனால் நோய் முற்றி அறிகுறி தெரிந்துவிட்டால் அன்றும் இன்றும் காப்பாற்ற வழியில்லை. குட்டிக்கு மூன்று மாதத்தில் முதல் ஊசி, பிறகு டாக்டர் சொல்லும் தேதிகளில் தவறாமல். எந்த நாய் கடித்தாலும், பிறாண்டினாலும், சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிஷம் கழுவிவிட்டு, அன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். மஞ்சள், சுண்ணாம்பு, காபித்தூள் எதுவும் வைக்காதீர்கள்.

வாங்குவதென்றே முடிவு செய்தவர்களுக்கு: 2017இல் வந்த மத்திய அரசு விதிப்படி நாய் இனப்பெருக்கம் செய்கிறவர் மாநில விலங்கு நல வாரியத்தில் பதிவு செய்திருக்க வேண்டும், எட்டு வாரத்துக்குக் குறைந்த குட்டியை விற்கக் கூடாது. தாய் நாயைக் காட்டச் சொல்லுங்கள். காட்ட மறுத்தால் வந்துவிடுங்கள். காசு கொடுத்துத்தான் நாய் வாங்க வேண்டும் என்பதும் இல்லை. நம் சிப்பிப்பாறை இருக்கிறது, தெருவில் பிறந்த நல்ல குட்டிகள் இருக்கின்றன. பீகிள் வேண்டாம் என்று கொடுக்கத் தயாராக இருக்கும் மூன்று வீட்டு நம்பரும் என்னிடம் இருக்கிறது.

கடைசியாக ஒரு கல்லைப் பற்றிச் சொல்லி முடிக்கிறேன். 949இல் நம் தக்கோலத்தில் சோழ இளவரசன் ராஜாதித்தன் யானை மேலேயே மாண்ட பெரிய போர் நடந்தது. எதிர்ப்பக்கம் நின்று போரிட்ட கங்க மன்னன் பூதுகனிடம் மணலேரன் என்ற வீரன் இருந்தான். வீரத்துக்குப் பரிசாக என்ன வேண்டும் என்று மன்னன் கேட்டபோது, மன்னனின் வேட்டை நாய் காளியைக் கொடுங்கள் என்று கேட்டு வாங்கினான். பிறகு அந்த நாய் ஒரு காட்டுப்பன்றியோடு மோதி, இரண்டும் இறந்தன. கர்நாடகத்தில் ஆதகூர் என்ற ஊரில் அதற்குக் கல் நட்டு, பூஜைக்கு நிலமும் விட்டார்கள். அந்தக் கல்வெட்டு இன்று பெங்களூர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. தக்கோலப் போரைப் பற்றி நாம் அறிந்ததில் ஒரு முக்கியமான பங்கு அந்த நாயின் கல்லில் இருந்து வந்தது.

கேட்டு வாங்கிய நாயைக் கடைசி வரை வைத்துக்கொண்டான், அதன்பிறகும் மறக்கவில்லை. பீகிள் சாதாரணமாக 12இலிருந்து 15 வருஷம் வாழும். இன்று எட்டாம் வகுப்பில் அடம் பிடிக்கும் உங்கள் பிள்ளை கல்லூரி முடித்து, வேலைக்குப் போய், கல்யாணப் பேச்சு நடக்கும்போதும் அது உங்கள் வாசலில் படுத்திருக்கும். அந்த நாள்வரை நீங்கள் வைத்துக்கொள்வீர்கள் என்றால் வாங்குங்கள். சந்தேகம் இருந்தால் ஒரு ஞாயிற்றுக்கிழமை பிள்ளையைக் கூட்டிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வாருங்கள். பூந்தியோடு காலை ஆறு மணிக்கு ஒரு நடை போய் வரட்டும், பிறகு முடிவு செய்வோம். வரும்போது மக்ரூன் வாங்கி வராதீர்கள்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்